பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு: கை பழகாதவர் இரண்டு வாரத்தில் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, பள்ளியில் ஒவ்வொரு சோதனையையும் நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு தடவை செய்தோம், செய்முறையை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா, டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அடர்வைக் கண்டுபிடிப்பது) வேல்யூ தப்பாக வந்தால் மார்க் போய்விடுமா? இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். கை பழகாமல் பியூரெட்டின் (சொட்டு விடும் அளவுக் குழாய்) முன்னால் தனியாகப் போய் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் அது. அதற்கே பதில் சொல்கிறேன். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன். வேறு பள்ளிகளுக்குப் புறத் தேர்வாளராகவும் போயிருக்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். சிபிஎஸ்இ மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு முதலான வேறு பகுதிகளும் உண்டு, அவற்றை இங்கே தொடவில்லை.

முதலில் மனப்பாடம். சுருக்கமான செய்முறை, சமான நிறைகள், கரிமப் பகுப்பாய்வின் சோதனை வரிசை ஆகிய மூன்றையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். பியூரெட்டில் எது, பிப்பெட்டில் (கரைசலை உறிஞ்சி அளந்து எடுக்கும் குழாய்) எது, என்ன அமிலம் சேர்க்க வேண்டும், சூடாக்க வேண்டுமா, நிறங்காட்டி எது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமான நிறைகள் இவை: ஃபெரஸ் (இரும்பு) சல்பேட் 278, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் 392, ஆக்சாலிக் அமிலம் 63, சோடியம் ஹைட்ராக்சைடு 40. இவை மறந்துபோனால் எவ்வளவு அழகாக டைட்ரேட் செய்தாலும் கணக்கு முடியாது. இதற்கு இரண்டு நாள் போதும். மீதி நாட்களைக் கைக்கும் கண்ணுக்கும் கொடுங்கள்.

இப்போது டைட்ரேஷன். மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "இளஞ்சிவப்பு நிறம் சரியாக எந்த அளவில் வந்தால் நிறுத்த வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். புத்தகப் படத்தில் உள்ள நிறம் தன் குடுவையில் வரவில்லையே என்று பதறுவார்கள். கணக்கை உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பதற்றம் பாதி குறைந்துவிடும். நமது தேர்வில் இரண்டு டைட்ரேஷன்கள். முதலாவதில் நார்மாலிட்டி (கரைசலின் அடர்வு அளவு) தெரிந்த திட்டக் கரைசல், இரண்டாவதில் அளவு தெரியாத கரைசல். இரண்டுக்கும் நடுவில் இணைப்புக் கரைசலாக, அதாவது இரண்டிலும் பியூரெட்டில், அதே பொட்டாசியம் பெர்மாங்கனேட். இரண்டிலும் ஒரே பிப்பெட்டால் 20 மிலி எடுக்கிறீர்கள். சமன்பாடுகளை எழுதி ஒன்றில் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி அடிபட்டுப் போகும், பிப்பெட்டின் 20 மிலியும் அடிபட்டுப் போகும். தெரியாத கரைசலின் நார்மாலிட்டி என்பது திட்டக் கரைசலின் நார்மாலிட்டியை இரண்டாவது பியூரெட் அளவால் பெருக்கி முதலாவது அளவால் வகுத்தது, அவ்வளவுதான்.

எண்களோடு பார்ப்போம். திட்ட ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசல் 0.1 நார்மல், முதல் டைட்ரேஷன் 19.6 மிலி, இரண்டாவது 20.4 மிலி, கேள்வி 750 மிலி கரைசலில் உள்ள ஃபெரஸ் சல்பேட்டின் நிறை என்று வைத்துக்கொள்வோம். நார்மாலிட்டி 0.1041, விடை 21.70 கிராம். இப்போது நீங்கள் இளஞ்சிவப்பைக் கொஞ்சம் அதிகமாகவே வரவிட்டு, இரண்டு டைட்ரேஷனிலும் 0.2 மிலி கூடுதலாகப் போய்விட்டீர்கள் என்று வைப்போம். 19.8, 20.6. விடை 21.69 கிராம். மாற்றம் ஒரு சென்டிகிராம்கூட முழுதாக இல்லை. ஆனால் முதலாவதைச் சரியாக நிறுத்திவிட்டு இரண்டாவதில் மட்டும் அதே 0.2 மிலி கூடிவிட்டால் 21.91 கிராம். முதலாவதில் 0.2 குறைவாகவும் இரண்டாவதில் 0.2 கூடுதலாகவும் போனால் 22.14 கிராம், அதாவது இரண்டு சதவீதப் பிழை.

இதிலிருந்து கிடைக்கும் வேலைத் திட்டம் எளியது. முதல் டைட்ரேஷனில் நீங்கள் எந்த நிறத்தில் நிறுத்துகிறீர்களோ, அதே நிறத்தில் இரண்டாவதிலும் நிறுத்துங்கள். முடிந்தால் முதல் டைட்ரேஷனின் கடைசிக் குடுவையைக் கொட்டாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு இரண்டாவதைச் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த நிறம் மங்கும், அதனால் அது தோராயமான துணைதான். அதே பியூரெட், அதே பிப்பெட், குடுவைக்கு அடியில் அதே வெள்ளைத் தாள், அதே வெளிச்சம். பக்கத்து மேஜையில் இருக்கும் நண்பருடைய நிறத்தோடு உங்கள் நிறத்தை ஒப்பிடவே வேண்டாம். இந்தக் காரணத்தால்தான் பெர்மாங்கனேட்டில் மேல் விளிம்பைப் படிப்பதா கீழ் வளைவைப் படிப்பதா என்பதிலும் பெரிய ஆபத்து இல்லை. அடர்நிறக் கரைசலில் கீழ் வளைவு தெரியாது, ஆகவே மேல் விளிம்பைப் படிக்கிறோம். தொடக்க அளவையும் இறுதி அளவையும் ஒரே மாதிரி படித்தால் கழிக்கும்போது சரியாகிவிடும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் இன்னொன்று என்று மாற்றினால்தான் கெடும். கண் மட்டத்துக்கும் இதே கதைதான். பியூரெட் தாங்கி உயரமாக இருந்தால் தேர்வாளர் என்ன நினைப்பாரோ என்று தயங்காமல் பியூரெட்டை இறக்கிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிழையும் இப்படி அடிபட்டுப் போகாது. கழுவும் முறையில் வரும் தவறு அடிபடாது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் தண்ணீரில் கழுவிய பிறகு, அதில் எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒரு முறை அலச வேண்டும். பிப்பெட்டைத் திட்டக் கரைசலிலிருந்து எடுத்து அப்படியே தெரியாத கரைசலுக்குள் விட்டால் இரண்டும் கலந்துவிடும். ஆகவே இரண்டாவது டைட்ரேஷனுக்கு முன் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் புதிய கரைசலால் அலசல். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், ஒருபோதும் கரைசலால் அலசக் கூடாது. குடுவையில் தண்ணீர் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, ஏனென்றால் அதில் விழும் இரும்பின் அளவு பிப்பெட்டில் எடுத்த 20 மிலியில் உள்ளதுதான், தண்ணீர் அதை மாற்றாது. கரைசலால் அலசினால் கணக்கில் வராத இரும்பு சேர்ந்துவிடும். வாய்மொழிக் கேள்வியாக இதை நான் எப்போதும் கேட்பேன். காரணத்தோடு பதில் சொல்பவரின் தாளைப் பிறகு திருத்தும்போது மனம் தெளிவாக இருக்கும்.

பியூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழ் இருந்தால் அதுவும் அடிபடாது, அது நடுவில் வெளியேறினால் அந்த ஒரு அளவு மட்டும் கெடும். நிரப்பியதும் திருகை முழுதாகத் திறந்து வேகமாக ஒரு பாய்ச்சல் விட்டால் குமிழ் போய்விடும். மேலே வைத்த புனலை எடுத்துவிடுங்கள், அதன் காம்பிலிருந்து ஒரு சொட்டு தாமதமாக விழும். பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதக் கூடாது. நுனியைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு எடுத்தால் போதும், அந்த மிச்சம் பிப்பெட்டின் அளவுக்குறியிலேயே கணக்கில் எடுக்கப்பட்டது. இன்னும் பல பள்ளிகளில் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள். ரப்பர் பல்ப் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். அதில் கை பழக ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரத்தைத் தேர்வு நாளில் செலவழிக்க முடியாது.

அமிலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க மறந்தாலோ, கொஞ்சமாகச் சேர்த்தாலோ குடுவையில் பழுப்பாகக் கலங்கும். அது மாங்கனீசு டைஆக்சைடு. அப்படி வந்துவிட்டால் அந்தக் குடுவையைக் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது, பெர்மாங்கனேட் குளோரைடை ஆக்சிஜனேற்றம் செய்து தானும் செலவாகிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஒரு ஆக்சிஜனேற்றி. ஃபெரஸ் உப்புகளைச் சூடாக்கக் கூடாது, காற்றிலேயே அவை ஆக்சிஜனேற்றம் அடையும். பிப்பெட்டால் எடுத்து வைத்துவிட்டு அரட்டை அடிக்காமல் உடனே டைட்ரேட் செய்யுங்கள். ஆக்சாலிக் அமிலத்தை மாறாகச் சூடாக்கியே ஆக வேண்டும், 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை. கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். இதில் முதல் சில சொட்டுகளின் நிறம் உடனே போகாது, பயந்துவிடாதீர்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிதான் அந்த வினைக்கே ஊக்கி, அது கொஞ்சம் சேர்ந்ததும் நிறம் மளமளவென்று மறையும். முதல் சொட்டு நிறத்தையே முடிவுநிலை என்று எண்ணி 0.4 மிலி என்று எழுதிக் கொடுத்த தாளையும் நான் திருத்தியிருக்கிறேன்.

சோடியம் ஹைட்ராக்சைடு வந்தால் பினாப்தலீன். பியூரெட்டில் இருப்பது காரம் என்றால் இளஞ்சிவப்பு தோன்றும்போது நிறுத்த வேண்டும், பியூரெட்டில் அமிலம் என்றால் மறையும்போது. நிறம் தோன்றி அரை நிமிடம் நின்றால் போதும். அதற்குப் பிறகு மங்கினால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்திருக்கிறது, இன்னொரு சொட்டு விடாதீர்கள்.

பயிற்சிக்கு வருவோம். உங்கள் ஆசிரியரிடம் பெர்மாங்கனேட்டே கேட்க வேண்டாம். மதிய இடைவேளையில் ஒரு பியூரெட்டும் தண்ணீரும் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இடது கையால் திருகைப் பிடித்து வலது கையால் குடுவையைச் சுழற்றுவது, ஓடும் தாரையை நிறுத்திச் சொட்டுக்கு மாற்றுவது, பிறகு ஒரே ஒரு சொட்டை மட்டும் விட்டு நிறுத்துவது. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் தேர்வில் புதிதாகச் செய்ய எதுவும் இல்லை. ஒரு சொட்டு சுமார் 0.05 மிலி. ஆகவே இரண்டு அளவுகளுக்கு நடுவே 0.1 மிலிக்குள் ஒத்துப்போவது மனிதக் கையால் முடிகிற காரியம்தான். தேர்வில் முதல் அளவை வேகமாக எடுத்து எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்ததில் அந்த இடத்துக்கு ஒரு மிலி முன்பே சொட்டுக்கு மாறிவிடுங்கள்.

மார்க் போய்விடுமா என்ற கேள்விக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தது: சுருக்கமான செய்முறை, அளவுகள், கணக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் உண்டு. விடை விலகிப்போனால் துல்லியத்துக்கான பகுதி குறையுமே தவிர எல்லாம் போகாது. எவ்வளவு விலகினால் எவ்வளவு குறையும் என்பது அந்த ஆண்டின் மதிப்பெண் பகிர்வைப் பொறுத்தது, அது உங்கள் ஆசிரியரிடம் இருக்கும், கேட்டுப் பார்த்துவிடுங்கள். மாணவர் கையில் இல்லாத விஷயமும் ஒன்று உண்டு. திட்டக் கரைசலைத் தயாரித்துப் பல நாள் ஆகியிருந்தால் ஃபெரஸ் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, குறித்த நார்மாலிட்டி உண்மையில் இருக்காது. அது உங்கள் தவறு அல்ல. அக்கறையுள்ள தேர்வாளர் தானே ஒரு முறை டைட்ரேட் செய்து பார்த்துவிட்டுத்தான் திருத்துவார்.

சில இடங்களில் "வேல்யூ" காதோடு காதாகச் சொல்லப்படும். அதை நம்பாதீர்கள். அது வேறு குழுவின் கரைசலுக்கானதாக இருக்கலாம். அப்புறம், 20.0, 20.0, 20.0 என்று மூன்று அளவும் ஒரே எண்ணாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தால் எந்தத் தேர்வாளருக்கும் சந்தேகம் வரும். 19.9, 19.6, 19.6 என்று முதல் அளவு கொஞ்சம் தள்ளியிருக்கும் தாள்தான் உண்மையில் வேலை செய்தவரின் தாள். அளவுகளை உள்ளங்கையில் எழுதாமல் நேராக விடைத்தாளின் அட்டவணையில் எழுதுங்கள்.

கரிமப் பகுப்பாய்வில் சோதனை வரிசையை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் சேர்மங்கள் புத்தகத்தில் எழுதியதுபோல எப்போதும் நடந்துகொள்ளாது. நிச்சயமாக நம்பக்கூடிய சோதனைகள் சில உண்டு. சோடியம் பைகார்பனேட்டில் நுரைத்துப் பொங்கினால் கார்பாக்சிலிக் அமிலம், ஃபீனால் அந்த அளவுக்கு வலுவான அமிலம் இல்லை. நடுநிலை ஃபெரிக் குளோரைடில் ஊதா வந்தால் ஃபீனால். பனிக்கட்டியில் வைத்து டைஅசோ ஆக்கி (நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரியச் செய்து), காரத்தில் கரைத்த பீட்டா நாப்தாலைச் சேர்த்தால் செந்நிறச் சாயம் வருவது அனிலின். பனிக்கட்டி கரைந்துவிட்டால் சோதனையும் போய்விடும், அதனால் அனிலின் என்று சந்தேகம் வந்ததும் முதலில் பனிக்கட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏமாற்றும் சோதனைகளும் உண்டு. புரோமின் நீர் நிறமிழந்தது என்பதை மட்டும் வைத்து நிறைவுறாச் சேர்மம் என்று எழுதிவிடாதீர்கள். ஃபீனாலும் அனிலினும் புரோமின் நீரை நிறமிழக்கச் செய்யும், கூடவே வெள்ளை வீழ்படிவு வரும். அது பதிலீட்டு வினை, இரட்டைப் பிணைப்பு இல்லை. பெர்மாங்கனேட் நிறமிழப்பதும் அப்படியே, ஆல்டிஹைடுகளும் ஃபீனாலும்கூட அதைச் செய்யும். பென்சால்டிஹைடு டாலன்ஸ் வினைப்பொருளோடு (அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல்) வெள்ளி ஆடி தரும், ஃபெலிங் கரைசலில் (காரம் கலந்த தாமிரக் கரைசல்) சிவப்பு தராது. ஃபெலிங் வரவில்லை என்பதற்காக ஆல்டிஹைடு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பல மாதம் திறந்து மூடிய பென்சால்டிஹைடு பாட்டிலின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பது பென்சாயிக் அமிலம், காற்றோடு சேர்ந்து உண்டானது. அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்த மாதிரி பைகார்பனேட்டில் மெலிதாகப் பொங்கலாம். அப்போது வாதுமை மணம், போர்ஷ் சோதனை (ஆல்டிஹைடு, கீட்டோன்களுக்கான 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின் சோதனை), டாலன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். மணத்தை மட்டும் முழுக்க நம்ப முடியாது. பத்துப் பேர் சோதனைக் குழாய்களோடு நிற்கும் அறையில் எல்லா மணமும் ஒன்றாகத்தான் இருக்கும். முகர வேண்டுமானால் குழாயின் வாயிலிருந்து கையால் மெல்ல விசிறி முகருங்கள், மூக்கை நேராக வைக்காதீர்கள். புகையுடன் எரிந்தால் அரோமேட்டிக் என்பதும் பெரும்பாலும் சரிதான், ஆனால் எவ்வளவு புகை என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

டாலன்ஸ் சோதனைக்குச் சோதனைக் குழாய் நன்றாகச் சுத்தமாக இருக்க வேண்டும், அழுக்கான குழாயில் ஆடிக்குப் பதில் கறுப்பு வீழ்படிவுதான் வரும். சூடாக்குவது வெந்நீர்த் தொட்டியில், நேரடிச் சுடரில் அல்ல. முடிந்ததும் கரைசலை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் நாள்பட நின்றால் வெடிக்கும் பொருள் உண்டாகலாம், உடனே ஆசிரியர் சொல்லும் முறையில் அப்புறப்படுத்த வேண்டும். அடர் கந்தக அமிலம் கையில் பட்டால் வெட்கப்படாமல் உடனே குழாயடிக்குப் போய் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், நேரம் போகிறதே என்று நினைக்க வேண்டாம். தேர்வாளர் அதற்கு ஈடாக நேரம் தருவார். தராவிட்டாலும் கழுவுங்கள்.

அறிக்கையில் வினைச்செயல் தொகுதியோடு அரோமேட்டிக்கா அலிஃபாட்டிக்கா, நிறைவுற்றதா நிறைவுறாததா என்பதையும் எழுத வேண்டும். அவசரத்தில் இந்த இரண்டையும் விட்டுவிடுபவர்கள் அதிகம். வராத சோதனைகளையும் எழுதுங்கள். "மாற்றம் ஏதும் இல்லை, ஆகவே கார்பாக்சிலிக் அமிலம் இல்லை" என்ற வரியும் ஒரு முடிவுதான், நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை அது காட்டுகிறது.

கடைசியாக, கணக்கு. நான் மேலே கொடுத்த எண்களை மாற்றி மாற்றி வைத்து, லாக் அட்டவணையோடு தினமும் ஒரு கணக்கு போடுங்கள். விடை ஒரு லிட்டருக்கா, 750 மிலிக்கா, 500 மிலிக்கா என்று வினாத்தாளில் வட்டமிட்டுக்கொண்டு தொடங்குங்கள். தொடங்கும் முன் மனதுக்குள் ஒரு மதிப்பீடு போட்டுப் பாருங்கள். 0.1 நார்மல் ஃபெரஸ் சல்பேட் என்றால் லிட்டருக்கு 27.8 கிராம், 750 மிலிக்கு ஏறக்குறைய 21 கிராம். உங்கள் விடை 2.1 என்றோ 210 என்றோ வந்தால் பியூரெட் அளவுகளை எதுவும் செய்யாதீர்கள், லாக் கூட்டலைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.